வாசலுக்கு வெளியே தங்கவேல்

"உன் வாயால போட்ட விலக்கு. நீயே போய் எடுத்துட்டு வா" என்றாள் செல்லி. மூன்று வருடங்களில் அவள் தன் கணவனிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

நெல்லிவாசல்நாட்டில் கொஞ்சம் சாமைக் கொல்லையும் பத்துப் புளியமரமும் வைத்திருக்கும் தங்கவேல் போளூருக்கு அப்பால் போனதே இல்லை. ஐம்பத்தாறு வயது. ஒரே மகள் செவ்வந்தி. திருப்பூரில் வேலைக்குப் போன இடத்தில் தரங்கம்பாடிக்காரன் வெற்றிச்செல்வனைக் கட்டிக்கொண்டாள். ஊர் கூடியது. வெளியாளைக் கட்டியவளைப் பெற்றவனே விலக்கிச் சொல்ல வேண்டும். தங்கவேல் எழுந்து, "இனி அவ எம் மவ இல்ல" என்றார். குரல் எழவில்லை. ஊர்க்கவுண்டர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னார்.

அன்றைக்கு அணைந்த செல்லியின் முகம் பிறகு ஒளிரவே இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா சேதி கொண்டுவந்தாள். "செவ்வந்தி ஓமனுக்கு வூட்டு வேலைக்குப் போவுதாம். வியாழக்கெழம மூணு மணிக்கு வேன் வருதாம். ரெண்டு வருஷத்துக்கு வராது."

ஜீப் ஏறி மலையிறங்கி, திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம் என்று பஸ் மாறி மாறி, வியாழன் காலை பத்து மணிக்குத் தங்கவேல் தரங்கம்பாடியில் இறங்கினார். கடைத்தெருவைத் தாண்டியதும் ஊருக்குள் நுழையும் வாசல் எதிரே நின்றது. வெள்ளையடித்த பெரிய வாசல். இருபுறமும் பழைய மதிலின் மிச்சம். உள்ளே நேராக ஒரு தெரு. அதன் முடிவில் வானம் தரைக்கு இறங்கியது போல நீலமாக ஏதோ தெரிந்தது. கடல் என்று அவருக்கு உறைக்கவில்லை. அவர் கண் வாசலை விட்டு நகரவில்லை.

மதில் என்றால் எல்லை. விலக்கி வைத்தவளைப் பார்க்கப் போகிறவன் அவள் இருக்கும் ஊரின் எல்லையில் நிற்க வேண்டும் என்பது அவர் ஊர் வழக்கம். அவள் வீட்டு ஆண் சொம்பில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அதைக் குடித்த பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம், பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். தண்ணீருக்கு முன்னால் அவளிடம் வாய் திறந்துவிட்டால் உறவு அத்தோடு அறுந்துபோகும். அப்புறம் எந்தத் தண்ணீராலும் ஒட்டாது.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார்.

வாசலருகே டீக்கடை வைத்திருந்த கெங்கம்மாள் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உள்ள போவணும்னா போங்க. இதுக்கெல்லாம் சீட்டு கெடையாது."

"தண்ணி வந்தாதாங்க போவணும்."

"எங்கிட்ட கொடம் கொடமா இருக்கு."

தங்கவேல் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "செவ்வந்தியா? தெனம் எங்கிட்டதான் பன்னு வாங்கும். நாலாவது வூடு. இருங்க" என்று கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். திரும்பி வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கதவப் புடிச்சிக்கிட்டு அழுவுது. வாயேண்டி, நாலு எட்டுன்னேன். 'எங்கப்பா முன்னாடி நானா போய் நிக்கக் கூடாதுக்கா. தண்ணி அனுப்புறேன், அங்கயே நிக்கச் சொல்லு'ன்னுச்சு. புருஷங்காரன் டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்க மாயவரம் போயிருக்கானாம். ரெண்டு மணிக்கு வந்துருவானாம். அப்பனும் மவளும் நல்லா வந்து வாச்சீங்க."

தங்கவேலுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கட்டின சேலையோடு வெளியே போனவள் வழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறாள்.

பதினொன்று, பன்னிரண்டு. வெயில் வாசலின் நிழலைத் தின்றுகொண்டே வந்தது. கெங்கம்மாள் கொடுத்த டீயை அவர் தொடவில்லை.

மூன்று மணிக்கு வரவேண்டிய வேன் ஒன்றரைக்கே வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே போய், பத்து நிமிடத்தில் திரும்பியது. வாசல் குறுகலானது. எதிரே ஒரு மாட்டு வண்டி. வேன் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டது.

ஜன்னலோரம் செவ்வந்தி.

கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. அப்பாவைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தங்கவேலின் வாய் திறந்தது. செவ்வந்தி என்ற ஐந்தெழுத்து நாக்கின் நுனிவரை வந்து நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் வேன் நிற்கும். சொன்னால் மகளே இல்லாமல் போய்விடுவாள். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. மாட்டு வண்டி ஒதுங்கியது. வேன் போய்விட்டது.

"கூப்புட்டிருக்கலாமே, பாவி மனுஷா" என்றாள் கெங்கம்மாள்.

அவர் மதிலில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து, பித்தளைச் சொம்பை இரு கையாலும் ஏந்திக்கொண்டு கொஞ்சம் முன்னால் அவரைக் கடந்து உள்ளே ஓடிய இளைஞன் திரும்பி ஓடிவந்தான். பாதித் தண்ணீர் சட்டையில் இருந்தது. வெற்றிச்செல்வன்.

"மாமா, மன்னிச்சிருங்க. வேன் முன்னாடியே வந்துருச்சு. சர்ட்டிபிகேட்ட மெயின் ரோட்டுல வச்சே கைமாத்திட்டேன். கண்ணால கூட சரியா பாக்கல அவள. 'வாசப்படில சொம்பு வச்சிருக்கேன், அப்பாவுக்குக் கொண்டு போய்க் குடு'ன்னு அது ஒண்ணுதான் சொன்னா."

தங்கவேல் வாங்கிக் குடித்தார். சொம்பில் மிஞ்சியதை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மருமகன் போன் போட்டு அவர் காதில் வைத்தான்.

"அப்பா, குடிச்சியா?"

"குடிச்சேம்மா. செவ்வந்தி." அந்தப் பேரை மட்டும் மறுபடி மறுபடி சொன்னார். "வூட்டுக்கு வந்துடும்மா."

"கையெழுத்து போட்டுட்டேம்ப்பா. வேன்ல ஆறு பேர் இருக்காங்க. எனக்காவ நிறுத்த மாட்டாங்க."

"அம்மாகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

"'நல்லாருந்தா'ன்னு சொல்லு." பிறகு வேனின் சத்தமும் கேட்கவில்லை.

வெற்றிச்செல்வன் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். தண்ணீர் குடித்தாயிற்று, இனி அவர் வரலாம். மகள் இல்லாத ஊருக்குள் வரலாம். நாலாவது வீட்டைப் பூட்டிய கதவோடு பார்த்தார். தெரு முடிவில் இருந்த பழைய கோட்டையைத் தாண்டியதும் கடல் முழுதாக எதிரே விரிந்தது. வாழ்நாளில் முதல்முறை. கைகளைக் குவித்துக் கும்பிட்டார். "எம் மவள நல்லபடியாக் கொண்டு போய்ச் சேரு" என்று முணுமுணுத்தார்.

மருமகன் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினான். "மாமா, ஓமன் இந்தப் பக்கம் இல்ல. பின்னால, மேற்கால."

தங்கவேல் குவித்த கையைப் பிரிக்காமலே திரும்பினார். அங்கே வீடுகள்தான் இருந்தன. எந்தத் திசையைப் பார்த்து அழுவது என்பதைக்கூட அவருக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.