இல்லாத முட்டிக் காயம்

பந்து கேப்டனின் மட்டையில் வந்து நிற்கும்போது சத்தமே கேட்காது. மற்றவர்கள் மட்டையில் பட்டால் 'டக்'கென்று ஒலி எழுந்து பந்து ஒரு முழம் தள்ளிப் போகும். கேப்டன் மட்டும் பந்து தொடுகிற அந்த நொடியில் மட்டையைச் சற்றுப் பின்னுக்கு வாங்கிக்கொள்வார். எத்தனை வேகமாக வந்த பந்தும் அவர் காலடியில் அடங்கிவிடும். நான் கோல்கீப்பர். மைதானம் முழுவதையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவன். எதிரணிக்காரர்கள் திமுதிமுவென்று என்னை நோக்கி வரும்போது, நடுவில் அந்தச் சத்தம் கேட்காத நிறுத்தலுக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அவரைப் போல சென்டர் ஹாஃப் ஆடியவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி எழுதப்போவதெல்லாம் கோபத்தில் எழுதுவது. அவருடைய ஆட்டத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஐம்பதுகளில் எங்கள் ஹாக்கி அணி மலைக்கோட்டை அடிவாரத்துப் பொட்டலில் ஆடிக்கொண்டிருந்தது. நான் பகலில் பூட்டுப் பட்டறையில் அரம் போடுவேன். சாயங்காலம் பொட்டலுக்கு ஓடுவேன். என் மனைவியின் அண்ணன்தான் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. கேப்டன் பந்தை நிறுத்திக் கொடுப்பார், மச்சான் கோலுக்குள் தள்ளுவார். மதுரை வரைக்கும் அந்த ஜோடிக்குப் பேர் இருந்தது. சின்னாளப்பட்டியிலிருந்து நெசவாளிகள் தறியை நிறுத்திவிட்டு சைக்கிளில் வந்து பார்ப்பார்கள்.

ஆனால் சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவர்கூட மட்டையைத் தொட்டவர் இல்லை. தலைவர் புகையிலை வியாபாரி. அவரும் அவருடைய சிநேகிதர்களும் பந்தலுக்குள் நாற்காலி போட்டு கலர் சோடா குடிப்பார்கள். நாங்கள் இடைவேளையில் தெருக்குழாயைத் தேடிப் போவோம். ஜெயித்த கோப்பை நேராகத் தலைவர் கடைக்குப் போய் அலமாரியில் உட்காரும். ஒரு வருஷம் மாநில அணித் தேர்வுக்குக் கேப்டனுக்கு அழைப்பு வந்தது. அதே வாரத்தில் உள்ளூர்க் கோப்பைக்கான ஆட்டம் இருந்ததால் தலைவர் அவரை அனுப்பவில்லை. "வெளியூர்ல போயி ஆடி நமக்கு என்னப்பா வரப்போகுது?" என்றார். கேப்டன் அன்று உள்ளூர்க் கோப்பையை ஜெயித்துக் கொடுத்துவிட்டு, நேராக வீட்டுக்குப் போனார். அந்த வடுவை அவர் மறக்கவே இல்லை. நாங்களும் மறக்கவில்லை.

பிறகுதான் எங்கள் ஃபுல் பேக்கின் முட்டி உடைந்தது. மதுரை அணி ஒன்றோடு ஆட்டம். எதிராளியின் மட்டை ஓங்கி இறங்கியதில் முட்டிச் சில்லு நொறுங்கி, மனுஷன் தரையில் புரண்டார். பந்தலுக்குப் பக்கத்தில் தலைவரின் கார் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேட்டோம். "சீட்டெல்லாம் மண்ணாயிரும், ஒரு வண்டி பிடிச்சுக்கங்கப்பா" என்றார். குதிரை வண்டியில் போட்டுக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் அலறிய அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது. சங்கத்திலிருந்து ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நேராக நடந்ததே இல்லை.

அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் கேப்டன் எழுந்து நின்றார். ஆட்டக்காரன் கூட்டத்தில் பேசுவது அதுவரை வழக்கமில்லை. ஃபுல் பேக்கைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். அவர் முட்டியைச் சுட்டிக்காட்டி, "இந்தக் காலு ஒங்களுக்காக ஒடைஞ்ச காலு. இதப் போயிப் பாக்க ஒங்களுக்கு நேரமில்ல. மட்டை பிடிச்சவனுக்குத்தேன் மட்டை பிடிச்சவன் வலி தெரியும். எந்திரிங்கய்யா, நாங்க உக்காருறோம்" என்றார். கூட்டமே எழுந்துவிட்டது. கேப்டன் செயலாளர் ஆனார். மச்சான் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புக்கு வந்தார். பிரியாணிக் கடையில் அன்று நாங்கள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று மனதார நம்பினேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் சில வருஷங்கள் அப்படித்தான் இருந்தன. இடைவேளையில் பானைத் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் வந்தன. அடிபட்டவனைப் பார்க்க வைத்தியர் வந்தார். ஃபுல் பேக்குக்கு ஒரு ரைஸ் மில்லில் உட்கார்ந்து செய்கிற வேலையைக் கேப்டன்தான் அலைந்து வாங்கிக்கொடுத்தார். கோப்பைகள் சங்க அறைக்கு வந்தன. அறுபதுகள் பிறந்தபோது கேப்டனும் மச்சானும் ஆடுவதை நிறுத்திவிட்டு முழுநேரமும் நாற்காலிக்கு வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த ரைட் விங் வந்தான். பேகம்பூர்ப் பக்கம். தோல் பதனிடும் ஷாப்பில் அவனுடைய அத்தாவோடு வேலை; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று பாதமெல்லாம் வெடித்திருக்கும். அந்தப் பாதத்தோடு, செருப்பில்லாமல், எல்லைக்கோட்டின் ஓரமாக அவன் பந்தைக் கொண்டுபோவதைப் பார்க்க வேண்டும். மூன்று பேர் மறித்து நிற்பார்கள். அவன் வேகத்தைக் குறைக்கிறான் என்று நாம் நினைப்போம். அதற்குள் மூன்று பேரும் பின்னால் இருப்பார்கள். கேப்டனின் ஆட்டம் பந்தை அடக்குகிற ஆட்டம். இவனுடையது அவிழ்த்துவிடுகிற ஆட்டம். இரண்டையும் ஒரே ஆயுளில் பார்க்கக் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கேப்டனுக்கு அப்படி இல்லை என்பது நிலக்கோட்டையில் தெரிந்தது. அங்கே பூ வியாபாரிகள் வருஷா வருஷம் ஒரு போட்டி நடத்துவார்கள். ஜெயிக்கிற அணிக்கு மல்லிகை மாலை உண்டு. நாங்கள் ஜெயிக்கும்போதெல்லாம் அது கேப்டன் கழுத்துக்குத்தான் போகும். அவர் ஆடாமல் செயலாளராக வந்த முதல் வருஷமும் அவருக்கே போட்டார்கள். அடுத்த வருஷம் மாலையோடு வந்த பெரியவர், கழுத்தைத் தாழ்த்தி நின்ற கேப்டனைத் தாண்டி நடந்துபோய் ரைட் விங்குக்குப் போட்டார். கேப்டன் நிமிர்ந்து கை தட்டினார். எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் எது செய்தாலும் குற்றம். "பந்தக் குடுக்க மாட்டேங்குறான். அவனுக்குத் தல கனம்" என்பார். அவன் கொடுத்த பந்தில் மற்றவர்கள் கோல் போட்ட அன்றும் அதையே சொன்னார்.

மாநில அணித் தேர்வு மதுரையில் என்று செய்தி வந்தது. எங்கள் சங்கத்திலிருந்து இருவரைத் தேர்வுக் குழு அழைக்கும். அங்கே தேறினால் அரசாங்க வேலை நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஒரு குடும்பமே மேலே ஏறிவிடலாம். ரைட் விங் போவான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனுடைய அம்மா புதுச் சட்டைகூட தைத்துவைத்துவிட்டார்கள். ஆனால் அழைப்பு வந்தது வேறு இருவருக்கு. நல்ல பையன்கள்தான், ஆனால் அவன் ஓடுகிற புழுதிக்குப் பின்னால் ஓடுகிறவர்கள். "நம்ம ஆட்டம் அவுகளுக்குப் பிடிக்கல போலண்ணே" என்று சொல்லி, அவன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

தேர்வு நடந்த வாரம் பூட்டுச் சரக்கோடு மதுரைக்குப் போயிருந்தேன். மைதானத்தை எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆட்டங்களுக்கு வழக்கமாக வரும் அம்பயர் அங்கே இருந்தார். தேர்வுக் குழுவிலும் அவர் இருந்தார். என்னைக் கண்டதும், "அந்த ரைட் விங் தம்பிக்கு முட்டி எப்படி இருக்கு? பாவம், என்னா ஓட்டம் ஓடுவான்" என்றார்.

"எந்த முட்டி?" என்றேன்.

"ஒங்க செக்ரட்டரிதான் சொன்னாரு. முட்டி போயிருச்சு, இனிமே ஆட ஏலாதுன்னு. நாங்க அவனத்தான் மொதல்ல கேட்டோம்."

கேப்டன் வேறு என்ன பொய்யைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை தாங்கியிருப்பேன். எந்த முட்டியைக் கூட்டத்துக்கு நடுவில் காட்டி நாற்காலியை வாங்கினாரோ, அதே முட்டியைக் கொண்டுபோய் இன்னொருவன் காலில் பொருத்தியிருக்கிறார். குதிரை வண்டிக்குப் பின்னால் எங்களோடு கூடவே ஓடி வந்து அழுத மனிதர் அவர். அந்த அழுகையிலிருந்து ஒரு பொய்யைச் செய்துகொள்ள அவருக்கு எப்படி மனம் வந்தது?

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகச் சங்க அறைக்குப் போனேன். கேப்டனும் மச்சானும் இருந்தார்கள். கேட்டேன். கேப்டன் மறுக்கவில்லை; அதுதான் என்னை இன்னும் எரித்தது.

"ஆமா, சொன்னேன். இப்ப என்ன? அடுத்த வருசம் போகட்டும்."

"கேப்டன், அவென் தோல்ஷாப்புல நிக்கிறவன். அடுத்த வருசம் அவுக கூப்பிடுவாகளா?"

"என்னைய யாரு அனுப்புனா?" என்று கத்தினார். மேசை மேல் இருந்த டீ கிளாஸ் உருண்டது. "எனக்கும் வந்துச்சுல்ல? என்னைய அனுப்புனாகளா? நான் செத்தா போயிட்டேன்?"

"ஒங்கள அனுப்பாதவனத்தான நாம எந்திரிக்கச் சொன்னோம்?" என்றேன்.

மச்சான் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். "மாப்ள, சும்மா இருங்க. அவரு எம்புட்டுச் செஞ்சிருக்காரு. ஒரு பயலுக்காகச் சங்கத்த ஒடைக்காதீக" என்றார். மச்சானுக்கு முன்பே தெரியும் என்று அவர் பிடியிலேயே புரிந்துவிட்டது.

நான் விடவில்லை. பொதுக்கூட்டத்தில் எழுந்து, அம்பயர் சொன்னதை அப்படியே சொன்னேன். கேப்டன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அவென் முட்டி சரியில்லைன்னு எனக்குத் தோணுச்சு. நான் ஆடுனவன். ஒரு ஆட்டக்காரன் காலப் பாத்தா எனக்குத் தெரியும்" என்றார். விளையாடத் தெரியாத பழைய தலைவரால் இப்படிச் சொல்லியிருக்கவே முடியாது. தெரிந்தவன் சொல்லும் பொய்க்குத்தான் எவ்வளவு மரியாதை!

அப்போது ரைட் விங் பின்னாலிருந்து வந்தான். வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். கையில் சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது. கைலியை முட்டிக்கு மேலே மடித்துக் கட்டினான். "என் முட்டிய இங்க யாராச்சும் பாத்தீகளா? பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவனும் நிறுத்தவில்லை. வேர்வை தரையில் சொட்டியது. ஊரே தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய ஒருவன், தன் கால் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க, தண்டனை வாங்கிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுந்தான்.

கடைசியில் கேப்டனே செயலாளராக நீடிக்கலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். மளமளவென்று கைகள் உயர்ந்தன. ரைஸ் மில்லில் வேலை வாங்கித் தந்த நன்றிக்கு ஃபுல் பேக் தூக்கினார். மச்சான் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூக்கினார். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் தூக்கினார்கள். எத்தனையோ ஆட்டங்களை ஜெயித்துத் தந்தவருக்கு எப்படிக் கை தூக்காமல் இருப்பது என்றுதான் நினைத்திருப்பார்கள். ரைட் விங் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனான். நானும் அவனோடு போனேன். அதற்குப் பிறகு இருவரும் அந்த அணிக்கு ஆடவில்லை.

அவனை மறுபடி யாரும் தேர்வுக்குக் கூப்பிடவில்லை. முட்டி போனவன் என்ற பேர் மதுரையில் நிலைத்துவிட்டது. சில வருஷம் தொட்டியிலேயே நின்றான். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாகச் செருப்புக் கடை போட்டான். தேர்வுக்குப் போன இருவரில் ஒருவன் தேறி, வேலை வாங்கி, ஊரைவிட்டுப் போனான். கேப்டன் ஒருமுறை டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னுமா கோவம், கீப்பரு?" என்று கேட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். வீடு தூரம்தான். இருந்தாலும் நடந்தேன்.

கேப்டன் காலமாகி ஒரு வருஷத்தில், மைதானத்துப் புதுப் படிவரிசைக்கு அவர் பேரை வைக்கும் விழாவில் பேசச் சொல்லி ஆள் வந்தது. அவரோடு ஆடியவர்களில் நான் ஒருவன்தான் பாக்கி. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் செருப்புக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவரை மன்னித்துவிடுங்கள் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தேனோ என்னவோ. அவன் தோலை வெட்டிக்கொண்டே, "போங்கண்ணே. போயிப் பேசுங்க. அவரு எப்படி ஆடுனாருன்னு நல்லாச் சொல்லுங்க, அதுல பொய் இல்லல்ல? சொல்லி முடிச்சிட்டு, எம் பேரையும் சொல்லுங்க" என்றான்.

இந்தக் குறிப்பில் நான் யாருடைய பேரையும் எழுதவில்லை. கேப்டனின் பேரப்பிள்ளைகள் ஊரில் நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்? ஆனால் அன்று மேடையில் பேரைச் சொல்லாமல் விடவில்லை. கேப்டன் பந்தை நிறுத்துகிற அழகைச் சொன்னேன், கைதட்டினார்கள். ஃபுல் பேக்கின் காலுக்காக எழுந்து நின்றதைச் சொன்னேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பிறகு ரைட் விங்கின் பேரையும் அவனுடைய அத்தாவின் பேரையும் சேர்த்துச் சொல்லி, "இவனுக்கு முட்டியில் ஒரு காயமும் இருந்ததில்லை. இருந்தது என்று சொல்லி இவனை அனுப்பாமல் தடுத்தவர் கேப்டன்" என்றேன். கைதட்டல் நின்றது. மேடையிலிருந்த ஒருவர் மைக் செட்காரனைப் பார்த்து, நிறுத்து என்பதுபோல் கையை அசைத்தார்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். தலை நரைத்திருந்தது; செருப்புக் கடையிலிருந்து நேராக வந்திருந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை.