நாற்காலியில் சம்மணம்

எங்கள் தில்லி கிட்வாய் நகர் வீட்டில் அம்மாவின் வயலின் பீரோவுக்கு மேலே, ரஜாய் என்கிற குளிர்காலப் பஞ்சுப் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. அந்தப் பெட்டிக்குள் வாத்தியம் இருக்கிறது என்பதே எனக்கு ஒன்பது வயதுவரை தெரியாது. ரஜாய்கள் சரியாமலிருக்க ஏதோ முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத் துறை ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களுக்கு வகுப்பு நடத்துவதாக அப்பா அலுவலகத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். வயது வரம்பு கிடையாதாம். தேறியவர்களைச் சேர்த்து ஒரு வாத்தியக் குழு அமைத்து ஆண்டுவிழாவில் மேடையேற்றுவார்களாம். என்னைக் கீபோர்டில் சேர்க்கலாம் என்பது அவர் யோசனை. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி ரஜாய்களை இறக்கினாள். அப்போது ஏப்ரல் மாதம், வீட்டில் கூலர் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு ஹிந்தி என்றால் காய்கறிக்காரரிடம் "பையா, கித்னா" என்று விலை கேட்பதோடு சரி. அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் என்னைக் கூப்பிடுவாள். கலியாணமாகி வந்த நாள்முதல் தில்லியில் தனியாக எங்கும் போனதில்லை. ஆகவே, ஞாயிறுதோறும் அவளை மெட்ரோவில் ஏற்றி, ராஜீவ் சௌக் கூட்டத்தில் வண்டி மாற்றி, பல்கலைக்கழகத்தில் கொண்டு சேர்த்து, அங்கே மொழிபெயர்ப்பதும் என் உத்தியோகமாயிற்று. சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை. கார்ட்டூன் எல்லாம் போயிற்று. வழி நெடுக அம்மாவின் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே வரும். பயத்தில் சுலோகம் சொல்கிறாள் என்று விட்டுவிடுவேன்.

தகராறு முதல் ஒத்திகையிலேயே வந்தது. மற்றவர்கள் அரைவட்டமாக நாற்காலிகளில் உட்கார்ந்து வயலினை மோவாய்க்குக் கீழே இடுக்கியிருந்தார்கள். அம்மாவோ செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் சாய்த்துச் சுருதி சேர்த்தாள். தஞ்சாவூரில் அவள் கற்றது அப்படி. அத்தனை நாற்காலிகளுக்கு நடுவே அவள் இருப்பதே தெரியவில்லை. குழுவை நடத்திய ஆசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் மேடையின் தோற்றத்தில் மட்டும் கறார். ஆண்டுவிழாவுக்குள் நாற்காலிக்கு மாறாவிட்டால் பார்வையாளர் வரிசையில்தான் இடம் என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"நாற்காலிதானே? உக்காந்துட்டாப் போச்சுன்னு சொல்லு," என்றாள் அம்மா.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வயலினைத் தோளில் வைத்தால், நைலக்ஸ் புடவையில் வழுக்கி மடிக்கு வந்தது. தோளில் துண்டைப் போட்டு ஊக்குக் குத்தினாள். துண்டும் சேர்ந்து வந்தது. ஒருவழியாக வயலின் நின்றபோது இடது கைக்கு அதைத் தாங்கவே சரியாக இருந்தது, விரல் ஓடவில்லை. அடுப்பில் பருப்பு தீய்ந்தது. இவ்வளவு கஷ்டம் எதற்கு, விட்டுவிடலாமே என்று அப்பா மெதுவாக ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் தீய்ந்த பருப்பை மறு பேச்சில்லாமல் சாப்பிட்டு முடித்தார். விட்டுத் தொலைத்தால் தேவலை என்று எனக்கும்தான் இருந்தது.

கடைசி ஒத்திகையில் அம்மா நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆசிரியரின் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் அவள் இரண்டு கால்களையும் மேலே தூக்கி, நாற்காலியிலேயே சம்மணமிட்டு, கொசுவத்தை இழுத்துவிட்டு, வயலினைப் பாதத்தில் சாய்த்துக்கொண்டாள். நம் கலியாண மண்டபங்களில் பந்திக்குக் காத்திருக்கும் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்வார்களே, அதே லட்சணம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆசிரியர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். மொழிபெயர்க்க நான் எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்து, உட்கார் என்று கையமர்த்தினாள்.

"சாப், குர்சி பே ஹூம். பெஹலே ஸுனோ," என்றாள்.

நாற்காலியில்தான் இருக்கிறேன், முதலில் கேளுங்கள் என்று அர்த்தம். குரல் நடுங்கியது, வில் நடுங்கவில்லை. அவர்கள் பூபாலி என்று வாசித்தது எங்கள் மோகன ராகம்தான். அந்த மெட்டை அம்மா முதலிலிருந்து முடிவுவரை தனியாக வாசித்தாள். ஆசிரியரின் உயர்த்திய கை பாதியில் இறங்கித் தொடையில் தாளம் போட்டது.  முடிந்ததும், அந்த அம்மாவுக்கு அகலமான நாற்காலி ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

ஆண்டுவிழாவில் கறுப்பு உடைக்காரர்களுக்கு நடுவே, அரக்குப் பட்டில், அகல நாற்காலியில் சம்மணமிட்டு அம்மா வாசித்தாள். அவள் கீழே விழுந்துவிடுவாளோ என்று நான் நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு எப்படி இருந்தது என்று அதனால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கண் விழித்தபோது அம்மா வயலின் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"நீ தூங்குடா கண்ணா. நானே போயிக்கிறேன்," என்றாள்.

செருப்பை மாட்டும்போது உதடுகள் அசைந்தன. அன்றுதான் காதுகொடுத்துக் கேட்டேன். சுலோகமில்லை, மெட்ரோ நிலையங்களின் பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

அவள் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அப்பா பால்கனியைவிட்டு வரவில்லை. செய்தித்தாள் பிரிக்காமலே கிடந்தது. ராஜீவ் சௌக்கில் வண்டி மாறுவது ஒரு பெரிய காரியமா, எனக்கே தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். டிவியைப் போட்டுவிட்டு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தேன். என் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்பது மட்டுந்தான் அன்று எனக்குப் புரிந்தது.