ஒரு வாய் நன்னாரி சர்பத்

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன். இப்படிப்பட்டவன் தன் கதையை எழுதி அடுத்தவரைப் படிக்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சரியாகச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தென்காசியில் எங்கள் தெரு ஆண்பிள்ளைகளைப் போல நானும் துபாய்க்குத்தான் போனேன். ஓட்டலில் தட்டுக் கழுவும் வேலை. அங்கிருந்த சமையல்காரர் ஒருவர் பிரான்சுக்குத் திரும்பியபோது என்னையும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அங்கேயும் தட்டுதான் கழுவினேன். ஒருநாள் மேசையிலிருந்து வந்த ஒயின் கிளாஸை முகர்ந்துவிட்டு, ஈரச் சாக்கு வாடை அடிக்கிறது என்றேன். பார்த்தால் அந்தப் பாட்டில் கெட்டுப்போயிருந்தது. அதற்குப் பிறகு என்னை ஒயின் பக்கம் மாற்றினார்கள். படித்துப் பரீட்சை எழுதினேன். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று விருந்தாளிக்குச் சொல்லி ஊற்றுகிறவனுக்கு அங்கே சொம்லியே என்று பெயர். பிறகு எட்டு மேசை போட்டுச் சொந்தமாகவே ஓர் உணவகம் திறந்தேன்.

ஒரு சொட்டும் விழுங்கியதில்லை. வாயில் சுழற்றித் துப்பிவிடுவேன். அந்தத் தொழிலில் எல்லாருமே துப்புவார்கள், ஆகவே யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் ஊற்றிக் கொடுப்பதும் எங்கள் இஸ்லாம் மார்க்கத்தில் பாவம்தான். அது தெரிந்தேதான் செய்தேன். துப்பிவிட்டோமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஊரில் என் மனைவிக்கு மட்டும் தெரியும். “ஓட்டல் வச்சிருக்காவன்னு சொல்லுதேன். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாவ” என்றாள். அப்படியே யாரும் கேட்கவில்லை. ஓட்டல் என்றால் நம் ஊரில் பரோட்டாவும் சால்னாவும்தானே.

மகளுக்குக் கடையத்தில் சம்பந்தம் முடிவாகி, கல்யாணத்துக்காக வந்திருந்தேன். மாப்பிள்ளை கத்தாரில் இருந்தார். போனில் பேசிப் பேசியே அவளுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. கல்யாணத் துணி தைக்க அவளுடைய அளவு ஜாக்கெட்டை மாப்பிள்ளை வீட்டார் வாங்கிப் போயிருந்தார்கள். சாரல் நன்றாக இருக்கிறது, இரண்டு குடும்பமும் குற்றாலத்தில் ஒருநாள் சேர்ந்து இருக்கலாம் என்று அவர்களே அழைத்தார்கள். ஐந்தருவிக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்தோம்.

குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு ஆண்கள் எல்லாரும் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மா வீட்டில் காய்ச்சிக் கொண்டுவந்த நன்னாரிப் பாகில் சர்பத் போட்டுக் கொடுத்தார்கள். அருவித் தண்ணீர் காதில் அடைத்திருந்தது. பேச்சு பாதிதான் கேட்டது. தொழில் பழக்கத்தில் கிளாஸின் அடியைப் பிடித்து, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டுக்கு எதிரே சாய்த்து நிறம் பார்த்தேன். இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தேன். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினேன். பாகு லேசாகப் புளித்திருந்தது. பக்கத்திலிருந்த சொம்பில் துப்பினேன்.

தலையை நிமிர்த்தியபோது கூடத்தில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரிய மாமா துபாயில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு வண்டி ஓட்டியவர்; ஒயினை இப்படிச் சுற்றி முகர்ந்து அது எந்த வருசத்துச் சரக்கு என்று சொல்கிறவர்களை அங்கே பார்த்திருக்கிறார். அவர் சிரித்தார். “சம்மந்தி இப்ப எந்த வருசத்து சர்பத்துன்னு சொல்லிருவாவ பாருங்க.” எல்லாரும் சிரித்தார்கள். உள்வாசலில் நின்ற என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

பெரிய மாமா தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: “அங்க ஓட்டல்ல என்ன ஊத்துனிய?”

ஜூஸ் என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி அதைத்தான் சொல்லச் சொல்வதுபோல என்னையே பார்த்தாள். எனக்குப் பொய் வாயில் வரவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூச்சத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

“ஒயின்” என்றேன். “நான் குடிச்சதில்ல. துப்பிருவேன்.”

“நீங்க துப்புனிய. வாங்கிக் குடிச்சவனும் துப்புனானா?”

சாப்பாடு பரிமாறினார்கள், சாப்பிட்டார்கள். பிரியாணி நன்றாக இருக்கிறது என்றுகூட யாரோ சொன்னார்கள். புறப்படும்போது சம்பந்தியம்மா என் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார். மற்றவர்கள் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே ஏறினார்கள்.

தென்காசிக்குத் திரும்பும் வழியில் மகள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊருக்குள் வண்டி நுழைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“அந்த ஒரு வாயை முழுங்கியிருக்கலாம்லா, வாப்பா.”

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடையத்திலிருந்து ஓர் ஆள் வந்து, அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.