பவர் சப்ளையின் பெட்டி

விஜயதசமி முடிந்த வாரத்தில் எங்கள் கம்ப்யூட்டர் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். மகள் பிறந்த பிறகு கிடைத்த முதல் வேலை, வீட்டிலிருந்தே செய்வது. முதல் நாள் பயிற்சிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்காராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

பொத்தானை அழுத்திப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினேன். மகள் தண்ணீர் ஊற்றியிருப்பாளோ என்று அவள் டம்ளரை மோந்துகூடப் பார்த்தேன், தண்ணீருக்கு வாசனை இருப்பதுபோல. ஆயுத பூஜையன்று நான் வைத்த சந்தனம் உள்ளே வழிந்திருக்குமோ என்ற சந்தேகத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்கு போன் செய்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எஸ்.எம்.பி.எஸ். போயிருச்சு மேடம். கரண்ட் பிரிச்சுக் குடுக்குற பவர் சப்ளைதான், வேறொண்ணுமில்ல. வாரண்டி இருக்கு. கழட்டி, வாங்குன பெட்டியோட கொண்டாங்க. பெட்டி இருந்தா கையோட புதுசு தந்துருவேன். இல்லேன்னா கம்பெனிக்கு அனுப்பணும், எப்ப வரும்னு சொல்ல முடியாது."

ஆக, எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தது. நல்லவேளையாக எங்கள் வீட்டில் எந்த அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடுவதில்லை. என் கணவர் லாஃப்டில் ஏறித் தேடி அதை இறக்கி வாசல் பக்கம் வைத்தார். மறுநாள் சனிக்கிழமை. அலுவலகம் கிளம்புமுன் அவர் ஸ்க்ரூடிரைவரோடு மேசைக்கடியில் புகுந்து எழுந்தார். நான் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"கழட்டியாச்சு. எல்லாம் ரெடி, எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் பெட்டி டேப் ஒட்டி, கனமாக இருந்தது. திறந்து பார்க்கலாமா என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்தேன். ஆனால் அவருடைய கேலி நினைவுக்கு வந்தது. "கேஸ மூடிட்டமான்னு ஒருக்கா பாப்ப. அப்புறம், பாத்தோமான்னு பாக்க ஒருக்கா போவ." இவ்வளவு ஒழுங்காக ஒட்டி வைத்ததைப் பிரித்தால் அவரை நம்பாததுபோல் ஆகுமே என்று கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஒத்தக்கடையில் ஏறும்போதே பஸ்ஸில் கூட்டம். மடியில் பெட்டி, இடுப்பை ஒட்டி மகள். முதல் வேகத்தடையில் பெட்டிக்குள் கலகலவென்று சத்தம் கேட்டது. அடுத்ததிலும் கேட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"என்னத்தா, சொப்புச் சாமானா?"

"இல்லக்கா, கம்ப்யூட்டர் சாமான்."

"அப்ப ஒடஞ்சிருச்சு போ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தானாகக் கெட்டால்தான் வாரண்டி. கீழே போட்டு உடைத்தால் கிடையாது. கணவர் கழற்றும்போது கைதவறியிருப்பாரோ? சொன்னால் நான் பதறுவேன் என்று சொல்லாமல் போயிருப்பாரோ? ஊருக்குள் பஸ் நுழைகிறவரை பெட்டியை அசையாமல் அணைத்துக்கொண்டு வந்தேன்.

கடையில் கணவனும் மனைவியும் இருந்தார்கள். வாடிக்கையாளரிடம் தமிழ், தங்களுக்குள் சௌராஷ்டிரம். கடைக்காரர் பெட்டியை வாங்கிக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"கீழ எங்கயும் போட்டீங்களா மேடம்? உள்ள என்னமோ உருளுதே."

"இல்லண்ணே, நான் போடல" என்றேன். 'நான்' என்றது எனக்கே உறுத்தியது.

அவர் மனைவியிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். மாற்றித் தர முடியாது என்பதை எப்படிச் சொல்வதென்று பேசிக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன். அக்கா உள்ளே போய் எனக்கு ஒரு ஸ்டூலும் மகளுக்குத் தண்ணீரும் கொண்டுவந்த பிறகுதான் அவர்கள் பேசியது என்னவென்று புரிந்தது.

அவர் டேப்பைக் கிழித்தார். உள்ளே பழைய வேட்டித் துணி. அதை விலக்கியதும் என் மகள் கவுண்டரில் தொற்றிக்கொண்டு கத்தினாள்.

"செட்டியார் தாத்தா!"

தொந்தியும் துண்டுமாகக் கொலுச் செட்டியார். அவருக்குக் கீழே அவருடைய ஆச்சி. உருண்டது அவர்களுடைய குட்டித் தராசும் எடைக்கற்களும். கொலுவுக்கு வந்திருந்த என் மாமியார், அது முடிந்ததும் வீடு முழுக்கப் பெட்டி தேடி ஒவ்வொரு பொம்மையாகக் கட்டி வைத்துவிட்டுத்தான் தன் ஊரான வாடிப்பட்டிக்கு பஸ் ஏறினார். "படுக்க வச்ச பொம்மைய அடுத்த வருசம்தான் எழுப்பணும்" என்று சொல்லிவிட்டும் போயிருந்தார்.

கணவருக்கு போன் செய்தேன்.

"ஏங்க, பெட்டிக்குள்ள செட்டியார் இருக்காரு."

"எந்தச் செட்டியாரு?"

"நம்ம கொலுச் செட்டியாரு. ஆச்சியும் இருக்காங்க."

"அப்ப எஸ்.எம்.பி.எஸ்.?"

"அதத்தான நான் உங்கள்ட்ட கேக்குறேன்!"

"டேபிளுக்கு அடியில துண்டுல சுத்தி வச்சேன். பெட்டி கனமா இருந்தப்ப உள்ள பழைய ஒயருன்னு நெனச்சேன், நீதான் தொறந்து வச்சுக்குவேன்னு விட்டுட்டேன்" என்றவர் சேர்த்துக்கொண்டார்: "எல்லாத்தையும் தொறந்து தொறந்து பாப்பியே, இன்னைக்குப் பாத்தா என்ன?"

பிறகு அவரே, "மதியம் கிளம்பி எடுத்துட்டு வாரேன், அங்கேயே இரு" என்றார்.

"அண்ணன் வரட்டும், நாங்க இருக்கோம்" என்றார் கடைக்காரர். "அந்த மாடல் ஒண்ணு எடுத்து வச்சிட்டேன், யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அக்கா செட்டியாரையும் ஆச்சியையும் கீபோர்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்து, தராசையும் முன்னால் வைத்தார். எனக்கு மாமியார் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது.

"படுக்க வச்சவங்கக்கா. இப்படி எழுப்பிட்டோமே, தப்பில்லையா?"

"அவுக யாரு? கடைக்காரவுக. கடையப் பாத்ததும் தன்னால எந்திரிச்சுட்டாக" என்றார் அக்கா. "எங்க வீட்டுலயும் கொலு உண்டு. ஒண்ணும் ஆகாது, பயப்படாத."

மவுஸ் வாங்க வந்த ஒருவர் செட்டியாரைக் காட்டி, "அண்ணே, இது எம்புட்டு?" என்று கேட்டார்.

"அவருட்டயே கேளுங்க. இன்னைக்கு அவருதான் ஓனரு."

நானும் சிரித்துவிட்டேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கணவர் வேர்க்க விறுவிறுக்க மஞ்சப்பையோடு வந்தார். கடைக்காரர் உள்ளே இருந்ததை எடுத்து ஒயர் மாட்டிச் சோதித்தார். அதிலுள்ள சின்ன மின்விசிறி அசையவில்லை. பெட்டியில் இருந்த எண்ணும் அதன் முதுகில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. "உள்ள பார்ட்டு போயிருச்சு. யாரு மேலயும் தப்பில்ல" என்றபடி புதியதை எடுத்து நீட்டினார். சந்தனத்தைப் பற்றிக் கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. யார் மேலும் தப்பில்லை என்று ஒருவர் சொல்லும்போது அதை அப்படியே வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

பழைய பெட்டி கம்பெனிக்குப் போக வேண்டியது. செட்டியாரும் ஆச்சியும் மஞ்சப்பையில் ஏறி பைக்கில் வீட்டுக்கு வந்தார்கள். சாயந்திரம் கணவர் புதியதை மாட்டினார். பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னார். விளக்கு எரிந்தது.

பொம்மைகளைக் கட்டிவைக்கப் புதுப் பெட்டியை எடுத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, இதுல மட்டும் வேணாம்."

வேறு பெட்டி சரியாக அமையவில்லை. திங்கட்கிழமை பயிற்சியில் நான் பெயர் சொல்லி வணக்கம் வைத்தபோது, மானிட்டரின் இந்தப் பக்கம் செட்டியாரும் அந்தப் பக்கம் ஆச்சியும் இருந்தார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். சாயந்திரம் நான் கம்ப்யூட்டரை அணைத்ததும் மகள் வந்து இருவரையும் துண்டில் படுக்க வைப்பாள். காலையில் நான் உட்காருமுன் எழுப்பிவிடுவாள்.

போனில் மாமியார் பொம்மைகளை விசாரிக்கும்போதெல்லாம், "பத்திரமா இருக்காங்க அத்தை" என்கிறேன். பொய் இல்லை.