அரை நாள் வேலை, பாதி அரிசி

இன்று பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா, பசுந்தாங் பேட்டையில் தர்ம அரிசி கொடுக்கும் இடத்துக்கு என்னை இழுத்துப் போனார். அங்கே அரிசி கொடுக்கும் வெள்ளைக்காரத் துரைசாணியின் இங்கிலீஷை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

துறைமுகத்தில் கால் ஒடிந்ததிலிருந்து அக்காவின் கணவருக்கு வேலை இல்லை; அந்த அண்ணனும் கூட வந்திருந்தார்.

“மனைவி வேலைக்குப் போகிறாளா?” என்று துரைசாணி கேட்டார்.

“இல்லன்னு சொல்லு பாப்பா” என்று அண்ணன் முணுமுணுத்தார்.

“பொய் எதுக்கு? மில்லுல அரை நாள் அரிசி புடைக்கிறேன்னு சொல்லு” என்றார் அக்கா.

சொன்னேன். துரைசாணியின் முகம் இறுகியது. “அப்படியானால் இனி பாதி அரிசிதான்.”

“வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தியா?” என்று அண்ணன் சீறினார்.

அக்கா அசையவில்லை. “வேலைய விட்டுட்டா முழுசும் தருவாங்களான்னு கேளு.”

கேட்டேன்.

“தருவோம்” என்றார் துரைசாணி. பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நாளைக் காலை மில் மேஸ்திரியிடம் வேலைக்கு வருவதாகவா, விடுவதாகவா, என்ன சொல்வதென்று அக்கா என்னைக் கேட்கிறார். இதைப் படிக்கும் கணக்கில் கெட்டிக்காரிகளே, நீங்கள் சொல்லுங்கள்.