பாகாலா விலாசம்

கம்பவுண்டர் தணிகாசலம் யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. பாலசமுத்திரத்துக்காரர், திருப்பதியில் பல்கலைக்கழக டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலை. ஆந்திரா, மெட்ராஸ் எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த ஐம்பத்தெட்டில் அங்கே புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். வந்ததும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கார்டு போடும்படி தணிகாசலத்திடம் சொன்னார். பெயர், சொந்த ஊர், தாய்மொழி, அப்பாவின் விலாசம். தலைவலி என்று வந்தவனிடமும் முதலில், "மீ ஊரு ஏதி?" என்று ஊரைத்தான் கேட்டார்.

தலைவலிக்கு ஊர் எதற்கு? தணிகாசலத்துக்கு அது உறுத்தியது. எந்தக் கிராமத்தில் எத்தனை தமிழர் என்று ஆட்கள் கணக்கெடுத்துத் திரிந்த காலம். பாலசமுத்திரம் மாதிரி மெட்ராஸ் பக்கம் போகப்போகிற ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலேஜ் சம்பளச் சலுகை நின்றுவிடும், படிப்புக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று ஹாஸ்டலில் பேச்சு அடிபட்டது.

ஆகவே தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் மிக்சர் புட்டியைக் கையில் வாங்கிக்கொண்டே குரலைத் தாழ்த்துவார். "தெலுங்குன்னே எழுதிக்கலாம். ஊரு பாகாலா. ஏன்னு கேக்காத." பாகாலா ஆந்திராவிலேயே இருக்கப்போகிற ஊர். தன் ஊர்ப் பெண் வரலட்சுமிக்கும் அப்படியே எழுதினார். பிள்ளைகளுக்கும் அவர்மேல் உயிர். டாக்டரம்மாவிடம் சொல்லாத நோவையும் அவரிடம் சொன்னார்கள்.

மார்கழியில் ஒரு காலை, வயிற்றுவலியில் சுருண்டுபோன வரலட்சுமியைத் தூக்கி வந்தார்கள். குடல்வால் வீக்கம். பெரிய ஆஸ்பத்திரியில், அப்பா கையெழுத்து இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார் சர்ஜன். பாகாலாவுக்குத் தந்தி பறந்தது. அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று மதியம் பதில் வந்தது.

டாக்டரம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் தணிகாசலத்துக்கு வேலை போகும். அதோடு, இந்தம்மா இதற்குத்தான் காத்திருந்தாளோ என்ற சந்தேகம் அப்போதும் விடவில்லை. ஆனால் பெண் அங்கே துடிக்கிறாளே.

"பாகாலா இல்லீங்கம்மா, பாலசமுத்திரம். நான்தான் மாத்தி எழுதினேன்."

"ஏன்?"

"ஊரைக் கேட்டீங்களே, பயந்துட்டேன்."

"ஊரு தெரிஞ்சாதானே இந்த மாதிரி நாள்ல அப்பாவைக் கூப்பிட முடியும்?" டாக்டரம்மா கார்டைத் தன் கையாலேயே திருத்திவிட்டு ஜீப்பை அனுப்பினார்.

இருட்டுகிற நேரத்தில் அப்பா நாராயணசாமி வந்து கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் முடிந்தது, பெண் பிழைத்தாள். நிம்மதியோடு தணிகாசலம் வராந்தாவில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாராயணசாமி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"கார்டுல நம்ம ஊரைப் போட்டுட்டாங்களாமே. நம்மாளு ஒருத்தரு ஊரை மறைச்சிக்கினு கீறாருன்னு லீவுல வந்தப்ப பொண்ணு சொல்லிச்சி. நீயே காட்டிக் குடுத்துட்டியே, நைனா."

"சொல்லாங்காட்டி பொண்ணு..."

"தெரியும். அதான் உன்ன ஒண்ணும் சொல்ல முடியல."

விஷயம் ஹாஸ்டலுக்குப் போக ஒரு நாள் ஆகவில்லை. மறு திங்கட்கிழமை தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள், சீட்டை நீட்டினார்கள், மருந்தை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போனார்கள். தொண்டை வீங்கி நின்ற ஒரு பெண்ணிடம், "எத்தினி நாளா இப்பிடி கீது?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் அவள்.