நாற்பத்திரண்டு மீட்டர்

இசைமொழியின் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு தப்பு விழுந்திருந்தது. பள்ளி மைதானத்தின் நீளம் அறுபது மீட்டர், அகலம் நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தாள். மிஸ் அந்த நாற்பத்திரண்டைச் சுழித்து, பக்கத்தில் ‘நாற்பது. கவனம் தேவை’ என்று எழுதி, அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

“நாங்க கரெக்டாத்தாம்மா அளந்தோம். மூணு தபா அளந்தோம். நாப்பத்திரண்டுதான் வருது. செவுத்துல நாப்பதுன்னு இருக்குது, நீங்க கயித்த லூசா புடிச்சிருப்பீங்கன்னு மிஸ்ஸு சொல்லிட்டாங்க.”

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த அம்மா செல்வகுமாரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மதகடிப்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஒரு நாளைக்கு நூறு பேருடைய காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு, எழுத்தைக் கண்டாலே எரிச்சல் வரும் அளவுக்கு ஆகிவிட்டது. ஆனால் இந்த ஓர் எண்ணை விட்டுக் கண் நகர மறுத்தது. இதே பள்ளிக்கூடம், இதே ஐந்தாம் வகுப்பு, இதே மைதானம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அங்கே கயிறு பிடித்தவள்தான்.

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுக்கு மேல் வகுப்பு கிடையாது. அதனால் ஐந்தாவது பிள்ளைகளுக்கு ராஜ மரியாதை. காலையில் பாலும் பிஸ்கட்டும் வந்தால் சின்னதுகளை வரிசையில் நிறுத்துவது அவர்கள், சாக்பீஸ் பெட்டியை வைத்திருப்பது அவர்கள், மணி அடிப்பதும் அவர்கள்தான். செல்வகுமாரி ஐந்தாவது வந்த வருஷம் ரீட்டா டீச்சரும் வந்தார். வில்லியனூர்ப் பக்கம் ஒரு சர்ச் கிராமத்துக்காரர். பழைய டிவிஎஸ் ஃபிப்டியில் புகையோடு வந்து இறங்குவார். அதுவரைக்கும் புத்தகத்தைத் திறந்து, சத்தமாகப் படித்து, மூடி வைப்பதற்குப் பேர்தான் படிப்பு. இவர் வந்ததும் வகுப்பே சந்தைக்கடை ஆனது. பஞ்சில் காராமணி முளைக்கவிட்டு தினமும் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் கடிகாரம் செய்தார்கள். பருப்பு ஒட்டி இந்தியா மேப் செய்தார்கள். இரண்டே நாளில் எறும்பு வந்து ராஜஸ்தானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் செல்வகுமாரிக்கு அந்த வகுப்பின் பசை வாடை மூக்கில் அடிக்கும். அத்தனை சந்தோஷமாக அதற்குப் பிறகு அவள் எங்கேயும் படித்ததில்லை.

கார்த்திகை மாதம் பரப்பளவு பாடம் வந்தது. டீச்சர் இருபது மீட்டர் கயிறு ஒன்று கொண்டுவந்தார். தன்னுடைய பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து மீட்டருக்கு ஒரு துண்டு கட்டச் சொன்னார்.

“திங்கக்கெழம நம்ம கிரவுண்ட அளக்கப் போறோம்.”

“செவுத்துலயே எழுதிருக்குதே டீச்சர், அறுபது, நாப்பதுன்னு,” என்றான் கலைவேந்தன். வகுப்பிலேயே வாய் நீளமானவன் அவன்தான்.

“அதப் பாத்து எழுதறதுக்கு நீங்க எதுக்குடா? அளந்து எழுதுங்க.”

வகுப்பே குதித்தது. செல்வகுமாரி மட்டும் மைதானத்து ஓரத்துக் கரும்பைத் திரும்பிப் பார்த்தாள்.

மைதானத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி இருந்தது அவளுடைய அப்பா ராமுவின் கரும்புக் கொல்லை. ஒவ்வொரு வருஷமும் புதுக் கரும்பு நடும்போது மைதானத்துப் பக்கம் ஒரு பார், அதாவது ஒரு கரும்பு வரிசை, கூடுதலாக ஓட்டிவிடுவார். அப்படி மூன்று பார் உள்ளே வந்துவிட்டது. கிட்டத்தட்ட மூன்று மீட்டர். அம்மா தனக்கொடி இதைச் சொல்லிச் சண்டை பிடிப்பதை அவள் கேட்டிருக்கிறாள்.

“பசங்க ஆடற எடத்துல ஏன்யா கை வெக்கிற?”

“கவுருமெண்டு எடம். ஒரு பாரு போனா இன்னா கொறஞ்சா பூடும்?”

ராமு கெட்டவர் இல்லை. அடுத்தவன் கொல்லை வரப்பில் ஒரு மண்வெட்டி மண் எடுக்கமாட்டார். பள்ளிக்கூடத்து மண் யாருடையதும் இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு, அவ்வளவுதான். ஆனால் அளந்தால் நாற்பதுக்குப் பதில் முப்பத்தேழு வரும். மூன்று மீட்டர் எங்கே போனது என்று கலைவேந்தன் கேட்பான், இருபத்து மூன்று பிள்ளைகளும் கரும்பைத் திரும்பிப் பார்க்கும், சாயங்காலத்துக்குள் அவளுடைய அப்பா ஊருக்குள் திருடன் ஆகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கூட அவளுக்கு இறங்கவில்லை.

திங்கட்கிழமை முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், அந்தக் கோடி நான் புடிக்கிறேன். எங்க கொல்லதான்.”

நீளம் அளந்தார்கள், அறுபது சரியாக வந்தது. பிறகு அகலம். பள்ளிச் சுவரிலிருந்து முதல் இருபது மீட்டர் போட்டு முளை அடித்தார்கள். முளையில் கலைவேந்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுமுனையோடு செல்வகுமாரி நடந்தாள். கரும்பு ஓரம் வந்தபோது இன்னும் மூன்று சிவப்புத் துண்டுகள் மிச்சம் இருந்தன. அவள் நிற்கவில்லை. தலைக்கு மேல் வளர்ந்திருந்த கரும்புக்குள் அப்படியே நுழைந்தாள். சோகை இலை இரண்டு கையையும் கன்னத்தையும் கீறியது. ஒரு பார், இரண்டு பார், மூன்று பார். கயிறு விறைத்து நின்ற இடத்தில் காலில் என்னமோ இடித்தது. குனிந்து பார்த்தால், மண்ணுக்குள் பாதி புதைந்த எல்லைக்கல்!

“நாப்பது, டீச்சர்!” என்று உள்ளேயிருந்து கத்தினாள். “கல்லு இங்க உள்ள இருக்குது!”

வெளியே பிள்ளைகள் கைதட்டினார்கள். கணக்கு சரியாக வந்துவிட்டது, அதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? அறுபது பெருக்கல் நாற்பது, இரண்டாயிரத்து நானூறு சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய நாற்பத்தைந்து குழி என்று டீச்சர் போர்டில் எழுதினார். அப்பாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று செல்வகுமாரிக்கு உச்சி குளிர்ந்து போனது.

மத்தியானம் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் இருந்த கீறல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார்.

“கல்ல நல்லாப் பாத்தியாம்மா?”

“பாத்தேன் டீச்சர். மூணாவது பாருல இருக்குது.”

“சரி,” என்றார் டீச்சர்.

அந்த ‘சரி’யில்தான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. கல் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததே தான்தான்! கணக்கைச் சரியாக்கப் போய், கரும்பு மைதானத்துக்குள் நிற்கிறது என்பதைக் கத்திச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். முப்பத்தேழு என்று வந்திருந்தாலாவது கயிறு சரியில்லை, முளை சரியில்லை என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த ராமு மகளுடைய கையைப் பார்த்தார்.

“கரும்புக்குள்ள உனக்கு இன்னா வேல?”

“கிரவுண்டு அளந்தோம்பா.”

“கிரவுண்ட அளக்கறதுக்குக் கரும்புக்குள்ள ஏன் போன?”

“கிரவுண்டு அங்கதானப்பா இருக்குது.”

ராமு பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். தனக்கொடி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு ராமுவே கேட்டார்.

“டீச்சரம்மா இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. ரைட்டு போட்டாங்க.”

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனவர்தான். திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பதினைந்து நாள் மகளுடைய முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

தை முடிந்து ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது, கரும்பு போனது. மறுநாள் காலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஐந்தாவது பிள்ளைகள் பார்த்தார்கள்: ராமு தனி ஆளாக மண்வெட்டியோடு நின்று மைதானத்து ஓரத்துக் கரும்புக் கட்டைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் தோண்டினார். நான்காம் நாள் மண்ணை நிரவி, தள்ளிப் புதிதாக வரப்புப் போட்டார். ரீட்டா டீச்சர் ஒரு டம்ளர் பாலை செல்வகுமாரி கையில் கொடுத்து, “அப்பாகிட்ட குடுத்துட்டு வா,” என்றார். ராமு அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் மகளைப் பார்த்தார். “நல்லாப் படி,” என்றார். அந்த வருஷ ஓட்டப்பந்தயம் முழு மைதானத்தில் நடந்தது. அதில் அவள் கடைசியாகத்தான் வந்தாள், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

பிறகு அவள் டவுன் பஸ் ஏறி மதகடிப்பட்டுக்குப் படிக்கப் போனாள், ரீட்டா டீச்சர் பாகூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார். ராமு இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கொல்லையைக் குத்தகைக்கு எடுத்தவர் அவர் போட்ட வரப்பு வரைக்கும்தான் நடுகிறார்.

செல்வகுமாரி நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு மகளை இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். இன்னும் வெயில் இருந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த அந்தக் கல்தான் அவர்களுக்கு ஸ்டம்ப். தினமும் கடைக்குப் போகும்போது பார்க்கிற கல்தான். அது எல்லைக்கல் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. கல்லிலிருந்து வரப்புக்கு நடந்து பார்த்தாள். நல்ல எட்டாக இரண்டு எட்டு.

மூன்று பாரையும் தோண்டி எடுத்த அப்பா கல்லோடு நிற்கவில்லை. தன்னுடைய கொல்லையில் இன்னும் இரண்டு மீட்டரை மைதானத்துக்கு விட்டுவிட்டுத்தான் வரப்புப் போட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சாகும்வரைக்கும் வாயைத் திறக்கவில்லை மனுஷன். செல்வகுமாரி வரப்பு மேலேயே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“ஏம்மா அழற? நான் தப்பா அளந்ததுக்கா?”

“நீ கரெக்டாத்தாண்டி அளந்துக்கிற. அந்த ரெண்டு மீட்டரு உங்க தாத்தா போட்டது.”

“அப்ப மிஸ்ஸுகிட்ட இன்னா சொல்றது?”

“நாளைக்கு நானே வந்து சொல்றேன்.”

மகளுடைய சட்டைப் பையிலிருந்த பேனாவை வாங்கினாள். சிவப்புத் தப்புக்குப் பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு ரைட்டு போட்டாள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு நோட்டை மகளிடம் கொடுத்தாள்.